வாரேன்

பாம்பனில் மூன்றாம் நம்பர் கூண்டு ஏற்றியிருந்தார்கள்.
படகு போகாத நாள்.
முந்தின நாள் வந்த நண்டுதான் கடைசி,
நீலக்கால், எண்பத்தாறு கிலோ.
அவித்து, உடைத்து, சதை எடுத்து,
டப்பாவில் அடைத்து ஐஸில் புதைத்தாயிற்று.

கம்பெனிக்கு அந்த வாரம் புதிதாய் ஒருத்தன்.
ஒடிசாக் கரைக்காரன்.
பேர் கேட்டால், பிபூதி என்றான்.
மேசையைச் சுற்றிப் பதினோரு பெண்கள்.
நண்டு நாறும் மூன்று விரலை
நெற்றியில் இழுத்துக் காட்டி
"விபூதியா?" என்று சிரித்தார்கள்.
அவனும் தன் நெற்றியில் இழுத்துக்கொண்டான், ஆமாம் என்று.

என் பேர் கேட்டான்.
நம்பு, என்றேன்.
இந்தத் தீவில் தெருவுக்கு நாலு நம்பு உண்டு.
போனில் தட்டி அர்த்தம் பார்த்தான்.
பார்த்துவிட்டு, சரி என்று தலையாட்டினான்
உத்தரவு வாங்கியவன் மாதிரி.

அவனிடம் பேசும்போது என் தமிழுக்குக் கையும் காலும் இருக்காது.
தூக்கு. வை. தண்ணி ஊத்து. ஐஸ் போடு.
காது கேளாதவனிடம் பேசுவதுபோலச் சத்தமாய்.
கூண்டைக் காட்டி அவனே மூன்று விரல் நீட்டியபோதுதான்
இவனுக்கும் புயல் தெரியும் என்று தோன்றியது.
தோன்றியதோடு சரி.
மறுபடியும் தூக்கு, வை.

ஆறு மணிக்கு வாடை திரும்பியது.
தங்கச்சிமடம் பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது.
சாவியைக் கையில் கொடுத்து, பூட்டு, என்றேன்.
அத்தோடு விட்டிருக்கலாம்.
அன்றைக்கென்று வாய் தவறி
மனுசருக்குச் சொல்கிற ஒரு சொல்லைச் சொல்லிவிட்டேன்:
வாரேன்.

விடிந்து வந்தால் ஷட்டர் திறந்து கிடக்கிறது.
குண்டு பல்பு எரிகிறது.
கவிழ்த்த தொட்டிமேல் அவன்,
சாக்கைத் தலையில் போட்டு,
கையில் பூனை விரட்டுகிற குச்சி.
சாவி இன்னும் உள்ளங்கையில்.

"ஏன்டா பூட்டல?"

கண் சிவந்திருந்தது.
யோசித்து யோசித்துச் சொன்னான்:
"நீ, வாரேன். நான், இருக்கேன்."

ஐஸ் வண்டிக்கார ஷேக் மீரான்
தம்மாமில் பதினோரு வருசம் இருந்து இந்தி படித்தவர்.
விசயம் கேட்டு, வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.
அப்புறம் அவனுக்கு விளக்கினார்:
இங்கே யாரும் போறேன் என்று சொல்லிப் போவதில்லை,
அப்படிச் சொன்னால் அது வேற போக்கு,
கடலோரத்தில் அந்தச் சொல்லை வாயில் எடுக்க மாட்டோம்.

பிபூதி தலையில் அடித்துக்கொண்டான்.
கடகடவென்று என்னவோ சொன்னான்.
மீரானின் சிரிப்பு நின்றது.

"அவங்க ஊர்லயும் இதேதானாம்.
ஆசுச்சின்னுதான் கெளம்புவாங்களாம்.
வாரேன்னுதான் அர்த்தமாம்.
ரயிலேறுறப்ப போறேன்னு சொல்லிட்டு
அவங்கம்மாட்ட வாயில அடி வாங்குனவனாம் இவன்."

"பின்ன எதுக்கு உக்காந்திருந்தானாம்?"

கேட்டார். பதில் வரக் கொஞ்சம் நேரமானது.

"ஒங்க பாசையில சொன்னது சொன்னபடி இருக்கும்னு நெனச்சானாம்.
இந்த மாதிரி வளைச்சுப் பேசுறதெல்லாம்
தங்க வீட்ல மட்டும்தான்னு இருந்தானாம்."

ஐஸ் இறக்கினார்கள். இருநூறு கிலோ.
நான் கணக்கு எழுதினேன்,
ஒரு வரியை இரண்டு தடவை.

நாலு மணிக்குக் கூண்டு இறங்கியது.
காலையில் டோக்கன் கொடுப்பார்கள் என்று சொன்னார்கள்.
பெண்கள் சோப்புப் போட்டும் நாறுகிற கையோடு
ஒவ்வொருத்தியாய்ப் படியிறங்கினார்கள்.
நான் சாவியைக் கொடுத்தேன்.
நாக்கில் இரண்டு முறை புரட்டிப் பார்த்துவிட்டு,
"ஆசுச்சி" என்றேன்.
சரியாய் வரவில்லை போல.
அவன் உதட்டைக் கடித்துக்கொண்டு தலையாட்டினான்.

ரோட்டைத் தொடவில்லை நான்,
பின்னால் ஷட்டர் இறங்கும் சத்தம்.